எச்சரிக்கைப் பலகை மாட்டவும்

அன்பும் மரியாதையும், மறைப்பானேன், கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது.

இங்கே நான், வீட்டுக்காரி, மகள் மூவரும் நலம். அங்கே உங்கள் நலமும், முக்கியமாக உங்கள் வலது முழங்காலின் நலமும் அறிய ஆவல். முழங்கால் வலி விட்டுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். படித்துச் சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியிலேயே, 'வலி விட்டதால் வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி வந்து அந்த டீச்சரை நேரில் ரெண்டு வார்த்தை கேட்கப் போகிறேன்' என்றும் எழுதியிருந்தீர்கள். அதோடு என் சந்தோஷம் நின்றுவிட்டது.

அக்கா, வர வேண்டாம். மற்ற எந்த நாளிலும் வாருங்கள், ஒரு மாதம் இருங்கள், வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் 'அக்கா, அது வந்து' என்று ஆரம்பிப்பதற்குள் நீங்கள் முடித்து வைத்துவிடுவீர்கள். இருபத்தாறு வருஷம் லேடீஸ் ஹாஸ்டல் வார்டனாக இருந்தவரிடம் போனில் பேசி ஜெயித்தவர்கள் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. மெசேஜ் அனுப்பினால் படிக்க மாட்டேன், கையால் எழுதியதைத்தான் நம்புவேன் என்பதும் உங்கள் சட்டம். கடிதம் என்றால் எனக்கும் ஒரு வசதி, நடுவில் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

வீட்டுக்காரி உங்களிடம் போனில் சொன்னது அத்தனையும் உண்மை. மகளின் டீச்சருக்கு, லிஃப்ட் ரிப்பேர் புகாருக்குப் பதில் போடுவதுபோல நான் பதில் போட்டேன். ஆனால் அது நடந்த விதத்தைக் கேளுங்கள். எங்கள் கம்பெனியில் புகார் வாங்குவதற்கு என்று போனில் ஒரு செயலி இருக்கிறது. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றாலும் அதில் மணி அடிக்கும். லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டு இரண்டு கையும் கிரீஸாக இருக்கும்போது யார் உட்கார்ந்து பதில் எழுதுவது? அதனால் தயார்ப் பதில்கள் சிலவற்றை முன்பே எழுதி வைத்திருப்போம். முழங்கையால் தட்டினால் போய்விடும். இந்த வருஷம் பள்ளிக்கூடத்திலும், பெற்றோரும் ஆசிரியரும் தினமும் தொடர்பில் இருக்க வேண்டும் என்று ஒரு செயலி கொடுத்தார்கள். அதுவும் நீல நிறம், அதற்கும் அதே மணி. கை அலையக் கூடாது என்று நான்தான் புத்திசாலித்தனமாக அந்தத் தயார்ப் பதில்களை இதிலும் ஏற்றி வைத்தேன். டீச்சரிடமிருந்து முதல் செய்தி வந்தது: 'உங்கள் மகளைப் பற்றி முக்கியமாகப் பேச வேண்டும். பலமுறை எழுதியும் நீங்கள் வரவில்லை.' நான் எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் நின்றபடி, படிக்காமலே முழங்கையால் தட்டினேன். போன பதில் இது: 'புகார் பெறப்பட்டது. எங்கள் ஆள் விரைவில் வருவார். அதுவரை யாரும் பயன்படுத்த வேண்டாம். எச்சரிக்கைப் பலகை மாட்டவும்.'

பத்து நிமிஷத்தில் டீச்சரிடமிருந்து பதில்: 'பலகையைப் பிள்ளை மேல் மாட்டுவதா, என் மேல் மாட்டுவதா?'

இது இப்படி என்றால், அதே வாரம் ரேடியோவுக்கு ஜலதோஷம், ஒரு நாள் லீவு வேண்டும் என்று டீச்சருக்கு எழுதியது, பத்து மாடிக் கட்டடத்து செக்ரட்டரிக்குப் போய்விட்டது. (ரேடியோ என்பது நம் மகள்தான். வீட்டில் பல் தேய்க்கும்போதுகூட வாய் ஓயாததால் வந்த பெயர், உங்களுக்கே தெரியும்.) செக்ரட்டரியையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால் ஒன்பது மெசேஜ் போடும் மனுஷன். அவருடைய பேரனும் ரேடியோவும் ஒரே வகுப்பு என்பதால் பள்ளிக்கூடத்து க்ரூப்பிலும் உட்கார்ந்துகொண்டு, காலை வணக்கத்தையே நாலு தவணையாகப் போடுவார். அவர் எனக்கு எழுதினார்: 'உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். வெந்நீர் குடிக்கவும். மூன்றாம் மாடிக் கதவு இன்னும் உரசுகிறது.' லீவு கேட்டு இவ்வளவு கருணையான பதில் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதினால் இன்னும் ஏதாவது ஆகிவிடும் என்று டீச்சருக்கு வாயாலேயே பேசி அனுப்பினேன். பேசிய இடம் லிஃப்ட் குழி. அங்கே இருமினால்கூட ஐந்து ஆள் இருமுவதுபோலக் கேட்கும். "டீச்சர், மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று பாதாளத்திலிருந்து ஐந்து பேர் கெஞ்சியதை ஆசிரியர்கள் அறையில் எல்லோரும் கேட்டுவிட்டு, கதவை ஒருமுறை சாத்தியே வைத்தார்களாம்.

இவ்வளவும் சிரிப்புக்குரிய விஷயம். இதற்குப் பிறகு நடந்தது சிரிப்பு இல்லை. ஒரு காலை பத்து மணிக்கு மணி அடித்தது. இந்த முறை ஒழுங்காகப் படித்தேன். 'உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை.' காலையில் நான்தான் கொண்டுபோய் வாசலில் விட்டேன். அவள் உள்ளே போவதையும் கண்ணால் பார்த்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. லிஃப்டைத்தான் நானே நிறுத்தி வைத்திருந்தேன், பத்து மாடியும் படியில் இறங்கி, ஹெல்மெட்டும் இடுப்பில் பாதுகாப்புப் பட்டையும் அதில் தொங்கும் கொக்கிகளுமாகத் தெருவில் ஓடினேன். பள்ளிக்கூட வாட்ச்மேன் என்னைத் தடுத்து, "எந்த லிஃப்ட் சார்? இங்க லிஃப்ட்டே இல்லையே!" என்றார். "லிஃப்ட் இல்லைய்யா, என் பொண்ணைக் காணோம்!" என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன்.

வகுப்பு வாசலில் போய் நின்றால், மூன்றாவது பெஞ்சில் ரேடியோ உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் பெஞ்சுக்குக் கீழே போய்விடலாமா என்று யோசிக்கிறாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

டீச்சர் பார்க்க உர்ரென்று இருப்பார், சிரிப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்கு வந்தவர் மாதிரி. கையில் இருந்த கருவியைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேரைக் கூப்பிட்டேன், பதில் வரல. வரலைன்னு போட்டுட்டேன். முன்னல்லாம் முகத்தைப் பாத்து எடுப்பேன். இன்னிக்குத்தான் இதுல மொத தடவை, குனிஞ்ச தலை நிமிரவே இல்ல. தப்பு என்னுதுதான் சார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அக்கா, அவரை நீங்கள் ரெண்டு வார்த்தை கேட்கக் கூடாது.

"அவ ஏன் டீச்சர் பதில் சொல்லல?" என்று கேட்டேன்.

"எப்பவுமே சொல்ல மாட்டாளே. இந்த வருஷம் முழுக்க வகுப்புல ஒரு வார்த்தை பேசினதில்ல. டைரியில மூணு தடவை எழுதி அனுப்பினேன். நீங்களும் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்களே?"

டைரியைக் காட்டினார். மூன்று இடத்தில் 'பார்த்தேன்', கீழே என் கையெழுத்து. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. நான் போடுவது வேலைச் சீட்டில் கிரீஸ் விரலால் இழுக்கிற இழுப்பு. இது நிறுத்தி நிதானமாக, கடைசிச் சுழிகூடப் பிசகாமல் போட்டது. ரேடியோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா டீச்சர், நான்தான் போட்டேன். வேலையில மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். டீச்சர் காதுக்குப் போனால் என் மரியாதை போகட்டும், பிள்ளை பெயர் கெட்டுவிடும்.

அன்று மாலை அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தே வந்தேன். "ஏம்மா எங்கிட்ட காட்டல?" என்றேன். என் இடுப்பில் தொங்கிய கொக்கியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பிறகு சொன்னாள்: "டீச்சர் வரச் சொன்னா நீ லீவு போடணும். அன்னிக்கு யாராவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா அவங்கள யாருப்பா எடுப்பாங்க?" எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. ஹெல்மெட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன். "சரி, வகுப்புல ஏன் பேசறதில்ல?" என்றேன். "எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கப்பா" என்றாள். அவ்வளவுதான் காரணம். வேறு பூதம் ஒன்றும் இல்லை. ஒரு வருஷமாக அதைச் சொல்ல அவளுக்கும் ஆள் இல்லை, கேட்க எனக்கும் நேரம் இல்லை.

திட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றினால், என் ஆறாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அப்பா கையெழுத்தைப் போட்டது யார் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அந்தக் குற்றவாளி வார்டனாக ரிட்டயர் ஆகி இன்று முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே இந்த விஷயத்தில் பிள்ளையைத் திட்ட நம் இருவருக்குமே வாய் கிடையாது.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்று வாசிப்புத் தேர்வு. மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஒவ்வொரு பிள்ளையும் அவர்கள் முன்னால் ஐந்து நிமிஷம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிக்காத பிள்ளைக்கு அடுத்த வருஷமும் இதே ஐந்தாம் வகுப்பு. தலைமை ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கூடப் படிப்பவர்கள் எல்லாம் மேலே போய், இவள் மட்டும் அதே பெஞ்சில் உட்கார்ந்தால், இருக்கிற கொஞ்சநஞ்ச வாயும் அடைத்துப்போகும். எனக்கு அந்தப் பயம்தான்.

நானும் டீச்சரும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் வழியாக நாங்கள் பேச வேண்டும். 'பயப்படாதீங்க, வந்துடுவோம்' என்றெல்லாம் சொல்லக் கூடாது, அதைக் கேட்டால்தான் ஆளுக்கு மூச்சு முட்டும். 'லைட் எரியுதா? ஃபேன் ஓடுதா? எத்தனை பேர் இருக்கீங்க?' என்று சின்னச் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வர வர உள்ளே இருப்பவர் தானாகவே சரியாகிவிடுவார். இதை டீச்சருக்குச் சொன்னேன், குழிக்குள் நின்று இல்லை, வெளியே வந்து நின்று. அன்று மாலை ஆறு மணிக்கு அந்தச் செயலியில் டீச்சர் குரல் வந்தது: "உங்க வீட்டுல ஃபேன் ஓடுதா?"

ரேடியோ போனைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு வினாடி பதிவு செய்து அனுப்பினாள். அதில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. "ஓடுது, கேக்குது. நாளைக்குப் பேசலாம்" என்றார் டீச்சர். மறுநாள், "மழை வந்துச்சா?" இவள், "ம்." அதற்கு மறுநாள், "அப்பா வந்துட்டாரா?" இவள், "வந்துட்டாரு, ஆனா கால் கழுவல." பிறகு அணை உடைந்தது. மூன்றாவது வாரம் பதினோரு நிமிஷத்துக்கு ஒரு பதிவு போய், "கண்ணு, மூணு நிமிஷம் போதும், நானும் வீட்டு வேலை பாக்கணும்" என்று டீச்சரே கெஞ்சினார். சிரித்துக்கொண்டே கெஞ்சினார் அக்கா, என் காதால் கேட்டேன். போன செவ்வாய்க்கிழமை வருகைப் பதிவில் பச்சை டிக் வந்து, கீழே டீச்சர் தனியாக எழுதியிருந்தார்: 'இன்று உள்ளேன் டீச்சர் என்றாள். சத்தமாக இல்லை. எனக்குக் கேட்டது.' லிஃப்ட் கூரைமேல் உட்கார்ந்து அதை நாலு தரம் படித்தேன். நீங்கள் தூக்கிப் போடச் சொல்கிற போனில்தான் இது வந்தது.

அதனால்தான் வர வேண்டாம் என்கிறேன். 'வெள்ளிக்கிழமை நம்ம வீட்டு ஆளுங்க யாரும் வரக் கூடாது, யாருக்கும் தெரியக் கூடாது' என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. நானே போகப்போவதில்லை. நீங்கள் வந்தால் உங்கள் செருப்புச் சத்தத்துக்கே மூன்று ஆசிரியர்களும் எழுந்து நிற்பார்கள், பிள்ளை எங்கே பேசுவாள்? வீட்டில் வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் பேசவையுங்கள். போன முறை கண்ணாடியை பஸ்ஸில் தொலைத்துவிட்டு வந்து, ஒரு வாரம் முழுக்கப் பேப்பரை அவளையே படிக்க வைத்துக் கேட்டீர்களே, அப்படி.

கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வீட்டுக்காரி இப்போதுதான் வந்தாள். உங்களுக்குப் புதுக் கண்ணாடி தயார், தனியாக அனுப்புகிறாளாம், அதையாவது தொலைக்காமல் இருக்கச் சொல்கிறாள். கடிதத்தை வழக்கம்போலப் படம் எடுத்து வைத்துக்கொண்டு நாளைக் காலை முதல் வேலையாகத் தபாலில் போடுகிறேன். எங்கள் வேலையில் எந்தத் தாளும் படம் எடுக்காமல் கைவிட்டுப் போகக் கூடாது. உங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும், வெள்ளிக்கிழமை மட்டும் அது தூரத்திலிருந்தே வரட்டும்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
(இந்த ஒருமுறை தவிர)
தம்பி

பின்குறிப்பு: அக்கா, நீங்கள் வந்து இருந்து ஊருக்குப் போயே இரண்டு நாள் ஆகிறது. 'எனக்கு எழுதின கடுதாசி எனக்கு வந்தாகணும்' என்று பஸ் ஜன்னல் வழியாக உத்தரவு போட்டுவிட்டுப் போனதால் மிச்சத்தையும் எழுதி அனுப்புகிறேன். தபாலில் போடுகிறேன் என்று சொன்ன கடிதத்தை என் கருவிப் பையில், ஸ்பேனருக்கு அடியில் வைத்து மறந்துவிட்டேன். ஆனால் படம் எடுத்து வைக்க மறக்கவில்லை. ஆறு பக்கத்தையும் படம் எடுத்து, எங்கள் கம்பெனிச் செயலியில் ஏற்றுவதாக நினைத்துப் பள்ளிக்கூட க்ரூப்பில் ஏற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் நாற்பத்தெட்டுப் பதில். செக்ரட்டரி மட்டும் ஒன்பது. 'படித்தேன்', 'கண் கலங்கினேன்', 'ஒரு ஸ்க்ரூவுக்கு ஒன்பது என்பது மிகை', என்று போய், ஒன்பதாவது, 'மூன்றாம் மாடிக் கதவு இன்னும் உரசுகிறது.'

அதற்குள் நீங்கள் முதல் பஸ்ஸில் வந்து, நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய், கடுதாசி க்ரூப்பில் சுற்றுவதை வாட்ச்மேன் வாயால் கேட்டுக்கொண்டு, தேர்வு அறைக்குள்ளும் போய்விட்டீர்கள். நான் அப்போது ஏழாம் மாடியில் இருந்தேன். அங்கே நடந்தது எனக்கு டீச்சர் சொல்லித்தான் தெரியும், தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ரேடியோ புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாளாம். இரண்டு நிமிஷம் போயிற்றாம். நீங்கள் பின்னாலிருந்து எழுந்து, "எனக்கு வந்த கடுதாசிய ஊரே படிச்சிருக்கு, நான் இன்னும் படிக்கல. கண்ணாடிய பஸ்ல விட்டுட்டேன். யாராவது படிச்சுச் சொல்லுங்க" என்றீர்களாம். மூன்று டீச்சரும் முழித்தார்களாம். இவள் நிமிர்ந்து பார்த்து, "நான் படிக்கறேன் அத்தை" என்று டீச்சரின் போனை வாங்கிக்கொண்டாளாம். 'கொஞ்சம் பயமும் கலந்து' என்ற இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்ததாம். வாட்ச்மேனுக்கு ஒரு குரல், எனக்கு ஒரு குரல், குழிக்குள் மன்னிப்புக் கேட்ட இடத்தில் ஐந்து குரல். கையெழுத்து விஷயம் வந்ததும் நிறுத்தி, மூன்று பேரையும் பார்த்து, "அது அப்பா போடல, நான்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனாளாம். "எனக்கு அன்னிக்கே தெரியும். உங்க அப்பா கையெழுத்து அவ்வளவு அழகா இருக்காது" என்றாராம் டீச்சர். "எங்க அப்பா கையெழுத்தும் அப்படித்தான்" என்றீர்களாம் நீங்கள். ஐந்து நிமிஷம் கேட்டார்கள், இருபத்திரண்டு நிமிஷம் படித்தாள். பாஸ்.

நீங்கள் வந்தது நல்லதாயிற்று என்று எழுதுகிறேன். நான் எழுதியது அத்தனையும் தப்பு. இன்னொன்று. உங்களை பஸ் ஏற்றும்போது டிக்கெட்டை வைப்பதற்காகக் கைப்பையைத் திறந்தேன். பஸ்ஸில் விட்டுவிட்டதாகச் சொன்ன கண்ணாடி உள்ளேதான் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, நீங்களும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இன்று காலை மறுபடி மணி அடித்தது. டீச்சர்தான். 'உங்கள் மகள் வகுப்பில் வாயை மூடுவதே இல்லை. பாடம் நடத்த முடியவில்லை. உடனே வந்து பார்க்கவும்.' கையைத் துடைத்துக்கொண்டு, தயார்ப் பதில் எதையும் தட்டாமல், ஒவ்வொரு எழுத்தாக நானே எழுதி அனுப்பினேன்: 'புகார் பெறப்பட்டது. மாலையில் நேரில் வருகிறேன். ஆனால் ரிப்பேர் ஒன்றும் இல்லை டீச்சர், இப்போதுதான் நன்றாக ஓடுகிறது. எச்சரிக்கைப் பலகை மட்டும் மாட்டிக்கொள்ளவும்.'